அரிசி இல்லாத ரிசோட்டோ

(இலங்கை மலையகத்துக் கலஹாவில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு ஒரு சாப்பாட்டைப் பற்றியது. அந்தச் சாப்பாடு வருவது ஒரு வீடியோ கேமிலிருந்து. இதைச் சொன்னதும் முன்வரிசை மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதும், தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் இங்கிருந்தே தெரிகிறது. "போனைக் கீழே வச்சிட்டு வந்து சாப்பிடு" என்று தினமும் தொண்டை வற்றக் கத்துகிறவர்கள் நீங்கள். அந்தப் போனுக்குள் இருந்தே ஒரு சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையேறியிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். பேச்சு முடிவதற்குள் நம்மூர் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்துவிடுவோம்.

அந்த விளையாட்டின் பெயர் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் ஏறக்குறைய நான்கரை ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து செய்தது. படம் வரைந்தவர், இசை அமைத்தவர், கதை எழுதியவர் எல்லாம் அவர் ஒருவரே. 2016 பெப்ரவரி 26 அன்று வெளியானது. 2024 முடிவதற்குள் உலகெங்கும் 4 கோடியே 10 இலட்சம் பிரதிகள் விற்றுவிட்டன. சுரங்கத்துக்குள் சில பூதங்களோடு சண்டை உண்டு. அதை விட்டால் மீதமெல்லாம் விதைப்பது, நீர் ஊற்றுவது, மீன் பிடிப்பது, ஊராருக்குப் பரிசு கொடுப்பது, சமைப்பது.

சமையல் என்றால், ஊர்த் தொலைக்காட்சியில் ஒரு சமையல் நிகழ்ச்சி வரும். அதைப் பார்த்தால் ஒரு புதிய பதார்த்தம் கற்றுக்கொள்ளலாம். விளையாட்டில் ஒரு பருவத்துக்கு 28 நாள். இரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தின் கடைசி நாளில் அந்த நிகழ்ச்சி ஒரு ரிசோட்டோவைக் கற்றுத் தருகிறது. பன்னத்தின் சுருண்ட இளந்தளிரைப் போட்டுச் செய்யும் ரிசோட்டோ. பன்னம் என்றால் உங்களுக்குத் தெரியும். ஓடையோரத்தில் விசிறி விரித்து நிற்பது, சிங்களத்தில் மீவன என்பார்கள். அந்தத் தளிர் விளையாட்டில் பெரும்பாலும் கோடைக்காலத்தில், மறைந்திருக்கும் ஒரு காட்டுக்குள் போனால்தான் கிடைக்கும். செய்முறையோ குளிர்காலத்துக்கு முந்திய நாள் வருகிறது. ஆகவே கோடையிலேயே பறித்துப் பெட்டியில் போட்டு வைத்தவனுக்கு அன்று சமைப்பது எளிது. விளையாட்டுப் பெட்டியில் கீரை வாடுவதில்லை. நம் வீட்டுக் கூடையில் மறுநாளே கருத்துவிடும்.

ரிசோட்டோ என்னவென்று கேட்கிற பெரியவர்களுக்கு ஒரு வரி. வட இத்தாலியில், அரிசியை எண்ணெயிலோ வெண்ணெயிலோ சூடேற வறுத்து, கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, கிளறிக்கொண்டே, சோறும் குழம்பும் ஒன்றாகும் பதத்தில் இறக்குவது. சோறாகவும் இருக்கக் கூடாது, கஞ்சியாகவும் இருக்கக் கூடாது. தட்டில் ஊற்றினால் மெல்லப் பரவ வேண்டும்.

இப்போது வேடிக்கைக்கு வருகிறேன். அந்த விளையாட்டில் இந்த ரிசோட்டோ செய்ய என்னென்ன வேண்டும் தெரியுமா? எண்ணெய் ஒன்று, பன்னத் தளிர் ஒன்று, பூண்டு ஒன்று. அவ்வளவுதான். அரிசி இல்லை! இத்தனைக்கும் அந்த ஊர்க் கடையில் அரிசி விற்கிறார்கள். பதார்த்தத்துக்கு எழுதியிருக்கும் சின்ன விளக்கமும் அதை அரிசிச் சாப்பாடு என்றே சொல்கிறது. போதாததற்கு, கொஞ்சம் சப்பென்று இருக்கும் என்றும் ஒப்புக்கொள்கிறது. அரிசி போடாமல் சோறாக்கினால் சப்பென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

செய்தவருடைய மறதியாக இருக்கலாம். விளையாட்டைச் சுருக்கமாக வைக்க விட்டிருக்கலாம். எனக்கு அது ஒரு வாசலாகப் பட்டது. பன்னத்தைக் கண்டுபிடிப்பதும் பறிப்பதும்தான் அந்த விளையாட்டுக்குப் பெரிய விசயம். அரிசி யார் விளைவித்தது, தளிரில் நல்லது எது கெட்டது எது, எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்பதெல்லாம் அதற்கு வெளியே நிற்கின்றன. வெளியே நிற்பவற்றை எல்லாம் கலஹாவில் தேடினால் கிடைக்கின்றன. இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் காணி விசயம். அந்த விளையாட்டுக் கதை எப்படித் தொடங்குகிறது என்று மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சாகக் கிடக்கும் தாத்தா பேரன் கையில் ஒரு கடிதம் கொடுக்கிறார். வருடங்கள் போகின்றன. நகரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் மேசைக்குப் பின்னால் அலுத்துப்போன பேரன் கடிதத்தைப் பிரிக்கிறான். உள்ளே பண்ணைக்கான உறுதி. வேலையை உதறிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறான். கோடிக்கணக்கானவர்கள் இந்த இடத்தில் மனம் நெகிழ்கிறார்கள்.

நம் பிள்ளைகளும் இதை விளையாடுகிறார்கள். கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிற நம் வாலிபர்கள், இரவு படுக்கையில் கிடந்து போனில் அந்தப் பண்ணைக்கு நீர் ஊற்றுகிறார்கள். நம் தாத்தாமார் என்ன உறுதி எழுதி வைத்தார்கள்? இங்கிருந்து தெல்தோட்டை வழியாக மேலே போனால் லூல்கந்துர. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இந்த நாட்டின் தேயிலை வாணிபம் அங்கிருந்துதான் புறப்பட்டது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கோப்பி இலையில் துரு நோய் விழுந்து தோட்டங்கள் படுத்த பிறகு, இந்த மலைகள் முழுக்கத் தேயிலையானது. குழி வெட்டியவர்களும் கொழுந்து பறித்தவர்களும் நம் ஆட்கள். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களாக நின்றோம். 2023-இல் மலையகத்துக்கு 200 வருசம் என்று நினைவுகூர்ந்தோம். அந்த 200 வருசத்தில் பெரும்பாலான குடும்பங்களின் காணி, லயத்துக்கு முன்னாலுள்ள இஸ்தோப்பும் பின்னாலுள்ள கீரைப் பாத்தியும்தான். அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்பது அண்மைக் காலத்தில், அதுவும் சிலருக்கே கிடைத்திருக்கிறது.

ஆனால் விளையாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். பண்ணையில் விளையும் எல்லாவற்றுக்கும் தாத்தாவின் காணி வேண்டும். பன்னத் தளிருக்கு வேண்டாம். அது காட்டில் தானாக வருகிறது. நடந்து போய் அடையாளம் கண்டு பறிக்கிறவனுக்குச் சொந்தம். நம் அப்பாயிமாரும் அம்மாயிமாரும் செய்ததும் அதுவே. ஓடைக்கரையில் மீவன, கானோரத்தில் வல்லாரை, ஈரமான பள்ளத்தில் பொன்னாங்காணி, கொல்லையில் முருங்கையும் மணத்தக்காளியும். உறுதி இல்லாதவர்களின் தோட்டம் ஓடைக்கரை. அந்தத் தோட்டத்தைப் பயிரிட்டது கண்களாலும் நினைவாலும்.

அப்படியென்றால் ஏன் அதை மறைத்தோம்? ஏன் விருந்தாளி வந்தால் கீரைச் சட்டியை உள்ளே தள்ளிவிட்டுக் கோழி தேடினோம்? காரணம் பசி. 1973, 74-ஆம் ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு. தோட்டங்களில் அது பஞ்சமாகவே இறங்கியது. அரிசியும் மாவும் இல்லாமல், கிடைத்த இலையையும் கிழங்கையும் அவித்துத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்ட காலம். தோட்டங்களில் சாவு எண்ணிக்கை கூடிய காலம். அந்த நாட்களைக் கடந்தவர்களுக்கு ஓடைக்கரைக் கீரை ருசியல்ல, நோவு. "நாங்க தின்னது போதும், நீங்களாவது நல்லதாச் சாப்பிடுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். அந்த அன்பில் ஒரு தலைமுறையின் அறிவும் கூடவே அடுப்பங்கரையில் நின்றுபோனது.

இப்போது அதே கீரை போனுக்குள்ளிருந்து புதையலாகத் திரும்பி வருகிறது. உலகத்திலும் அது எங்கும் இழிந்த பொருளாக இல்லை. அசாமில் தெக்கியா சாக் என்று இதே பன்னத்தை வீட்டுக்கு வீடு சமைக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் லிங்கடு என்று ஊறுகாய் போடுகிறார்கள். மலேசியாவில் பாக்கு பாக்கிஸ் என்று தேங்காய்ப் பாலில் இறங்குகிறது. கனடாவில் வேறோர் இனத்தின் தளிர் வசந்தம் வந்தால் சந்தைக்கு வந்துவிடுகிறது. நம் சிங்கள அயலவர் வீட்டில் மீவன மல்லும் எப்போதும் மரியாதைக்குரிய கறி. கூச்சம் நமக்கு மட்டும் ஏன்?

சரி, பறிக்கப் போவோம். விளையாட்டு சொல்லாமல் விட்ட பெரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. அங்கே தப்பான செடியைத் தொட்டால் மறுபடி தொடங்கலாம். வயிற்றுக்கு அந்த வசதி கிடையாது.

நாம் தின்னும் பன்னம் நீரோரத்தில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வருவது. தாவரவியலில் டிப்ளேசியம் எஸ்குலெண்டம் என்பார்கள். தளிர் பச்சையாக, சதைப்பற்றாக, ஒற்றைச் சுருளாக இருக்கும். மேலே செதிள் ஒட்டியிருக்கும், தேய்த்தால் உதிரும். நகத்தால் கிள்ளினால் சட்டென்று ஒடிய வேண்டும். நாராக இழுத்தால் விட்டுவிடுங்கள். வெயில் காயும் புல்வெளிச் சரிவுகளில், பத்தனைகளில், வேறொரு பன்னம் உண்டு. அதன் தண்டு தரையிலிருந்து தனியாக எழும்பி உச்சியில் மூன்றாகப் பிரிந்து சுருண்டிருக்கும். அது பிராக்கன். அதில் புற்றுநோயோடு தொடர்புடைய டகிலோசைடு என்ற நஞ்சு இருக்கிறது, தொடவே வேண்டாம். பாதையோர மண்மேட்டை மூடிக்கொண்டு, கவையும் கவையுமாகப் பிரிந்து கிடப்பது கெகில்ல; அதுவும் கறிக்கு ஆகாது. இந்த நாட்டில் 300-க்கு மேற்பட்ட பன்ன இனங்கள் இருக்கின்றன. நீங்கள் கண்டு பழகியது ஒன்று என்றால், ஒன்றை மட்டும் பறியுங்கள். பேராதனைப் பூங்காவில் பன்னங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பல்கலைக்கழகத்தின் ஊடாகப் போகிற கலஹா வீதியில் பஸ்ஸில் எத்தனை தரம் போயிருப்பீர்கள்? ஒரு தரம் பிள்ளைகளோடு பேராதனையில் இறங்கிப் பாருங்கள்.

இடமும் முக்கியம். தேயிலை மலைக்குள் கான்களில் தளிர் எவ்வளவு கொழுகொழுவென்று நின்றாலும் கை வைக்காதீர்கள். களைநாசினி அங்கே வடிந்து நிற்கும். கிளைபோசேட் என்ற களைநாசினியை 2015-இல் தடை செய்தார்கள். 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2022-இல் தடையே விலகியது. சட்டம் இப்படி மாறி மாறி வந்தாலும் மருந்தடித்த மலையில் பறிக்கக் கூடாது என்ற நம் அம்மாமாரின் சட்டம் மாறவில்லை. மருந்து டாங்கியை முதுகில் சுமந்தவர்களுக்கு எந்த மலையில் எப்போது அடித்தது என்று தெரியும். கேட்டுவிட்டுப் போங்கள். லயத்துத் தண்ணீர் வந்து கலக்கும் இடத்துக்குக் கீழேயும் வேண்டாம்.

பருவம் என்று விளையாட்டில் நான்கைச் சொல்வார்கள். நமக்குக் கோடையும் பனிக்காலமும் மழையைச் சுற்றித்தான். மார்ச், ஏப்ரலில் பின்னேர இடிமழை விழுந்ததும் ஒரு துளிர்ப்பு. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றோடு வரும் மழை. ஒக்டோபர், நவம்பரில் அடித்துப் பெய்யும் மழை. கண்டிப் பக்கத்துக்கு அதுவே நல்ல மழை. அதற்குப் பின் மழை குறைந்து பனியும் வறட்சியும். மழை விழுந்து சில நாளில் ஓடைக்கரையில் சுருள்கள் எழும்பும். விரிவதற்குள் பறிக்க வேண்டும். ஒரு தூரில் எல்லாவற்றையும் பறிக்காமல் பாதியை விட்டு வர வேண்டும். அட்டைக்குக் காலில் தேசிக்காயும் உப்பும் தடவிக்கொள்ள உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பறித்து வந்ததை அப்படியே தாச்சியில் போட்டு வதக்கக் கூடாது. 1994-இல் நியூயோர்க்கிலும் கனடாவின் மேற்குப் பகுதியிலும், லேசாக வதக்கிய பன்னத் தளிரைத் தின்றவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுந்தார்கள். அது வேறு இனம். இருந்தாலும் பாடம் எல்லாவற்றுக்கும் பொது. செதிளைத் தேய்த்துக் கழுவி, நிறைய உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது கனடாச் சுகாதாரத் துறையின் அறிவுரை. நம் கிழவிகள் எந்தத் துறையையும் கேட்காமல் அவித்து வடித்துவிட்டுத்தான் சுண்டினார்கள். தினமும் தின்னவும் மாட்டார்கள். இரண்டு நாள் வல்லாரை, ஒரு நாள் முருங்கை, எப்போதாவது மீவன. மாற்றி மாற்றித் தின்பதே அவர்களுடைய மருத்துவம்.

இனி விளையாட்டு மறந்த அரிசி. ரிசோட்டோவின் இரகசியம் வெண்ணெயிலோ சீஸிலோ இல்லை, அரிசியின் மாச்சத்தில் இருக்கிறது. அரிசி மாவில் இரண்டு வகை உண்டு: அமிலோசு, அமிலோபெக்டின். அமிலோசு கூடினால் பருக்கை பருக்கையாக நிற்கும். குறைந்தால் குழைந்து ஒட்டும். இத்தாலியர்கள் 1945, 46-ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய கார்னரோலி, ஆர்போரியோ வகைகளை ரிசோட்டோவுக்கு எடுக்கிறார்கள். ஆர்போரியோவில் அமிலோசு 20 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். நம் நாட்டு வகைகளில் பெரும்பாலானவை 25 விழுக்காட்டுக்கு மேல். ஆறினால் விறைத்துப்போவதும் அதனால்தான். கண்டியில் பெரிய கடைகளில் இத்தாலிய அரிசி கிடைக்கும்; விலையைப் பார்த்தால் பசி அடங்கிவிடும். வாங்க வேண்டியதில்லை.

புழுங்கல் அரிசியை ஒதுக்கிவிடுங்கள். உமியோடு அவித்துக் காய வைத்ததில் மாவு உள்ளேயே இறுகிவிடும். எவ்வளவு கிளறினாலும் வெளியே வராது. பச்சையரிசி எடுங்கள். சம்பாப் பச்சை நல்லது. சுவந்தெல் கிடைத்தால் இன்னும் நல்லது. பாற்சோற்றுக்குப் பேர்போன பழைய நெல், வாசமும் உண்டு. சிவப்புப் பச்சையிலும் செய்யலாம், தவிடு இருப்பதால் நேரம் கூடும். இத்தாலியர் அரிசியைக் கழுவுவதில்லை, மாவு போய்விடும் என்று. நாம் கல்லும் தூசியும் போகக் கழுவத்தான் வேண்டும். போன மாவை வேறு வழியில் திரும்பக் கொண்டுவரலாம்: இரண்டு மேசைக்கரண்டி அரிசியைத் தனியாக ஊற வைத்து, குருணையாக இடித்து வைத்துக்கொள்ளுங்கள். இலைக்கஞ்சிக்கு அரிசியை நொறுக்கிப் போடுகிற அதே கை.

அந்த இத்தாலிய அரிசிக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. நமக்கு அது அந்நியமாகப் படாது. போ ஆற்றுச் சமவெளியில், வெர்செல்லி பக்கத்து வயல்களில் களை எடுக்க ஒவ்வோர் ஆண்டும் ஏழைப் பெண்கள் கூட்டமாக வந்து தங்குவார்கள். மொண்டினே என்று பெயர். முழங்கால் தண்ணீரில் குனிந்தபடி நாள் முழுக்க வேலை. கூலியில் ஒரு பங்கை அரிசியாகவே அளந்து கொடுப்பார்கள். 1906-இல் போராடி எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். நம் கதையிலும் அரிசி உண்டு. கங்காணி காலத்தில் தோட்டத்திலேயே அரிசியை அளந்து கொடுத்து, பேர்ப் பட்டியலில் அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். வேலை செய்தும் கடனாளியாக நின்றதற்கு அந்த அரிசிக் கணக்கும் ஒரு காரணம். குனிந்த முதுகுகள் அங்கேயும் இங்கேயும் இருந்தன. ஆகவே ரிசோட்டோவைப் பணக்காரர் சாப்பாடு என்று யாரும் நம்மை மிரட்ட வேண்டியதில்லை.

இனிச் சமைப்போம். நான்கு பேருக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். பச்சையரிசி 300 கிராம். அவித்து வடித்த பன்னத் தளிர் இரண்டு கைப்பிடி. பூண்டு ஆறேழு பல், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. தேங்காயின் முதற்பால் அரைக் கோப்பை. ஒரு கட்டு வல்லாரை. பாதித் தேசிக்காய். மாசித் தூள் ஒரு தேக்கரண்டி.

முதலில் சாறு. லீக்ஸின் பச்சைப் பகுதி, பூசணித் தோல், வெங்காயத்தின் வெளித்தோல், கறிவேப்பிலை எல்லாம் போட்டு ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, பக்கத்து அடுப்பில் சூடாகவே வையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு தரமும் கொதி அடங்கி, வேக்காடு தடைப்படும். தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் பூண்டையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். தண்ணீர் நன்றாக வடிந்த அரிசியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். பருக்கையின் ஓரம் கண்ணாடி போலாகி, தொட்டால் சுட வேண்டும். பிறகு சாறு ஒரு கரண்டி. வற்றியதும் அடுத்த கரண்டி. நெருப்பு நிதானமாக இருக்க வேண்டும். கவ்வாத்து விறகு என்றால் இரண்டு குச்சியை வெளியே இழுத்துவிடுங்கள்; கேஸ் வரிசையில் நின்ற 2022-இல் அந்தப் பழக்கம் எல்லா வீட்டுக்கும் திரும்பி வந்ததுதானே.

பத்து நிமிடம் போனதும் இடித்த குருணையைப் போடுங்கள். அதுவரை நீராக இருந்தது அப்போது பாலாகத் திரளத் தொடங்கும். கிளறுவதை விட வேண்டாம். பருக்கைகள் ஒன்றோடொன்று உரசித்தான் மாவு இறங்கும். ஏறக்குறைய 20 நிமிடத்தில் ஒரு பருக்கையைக் கடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய உறுதி இருந்தால் பதம். தளிரைப் போட்டு ஒரு கொதி. இறக்கி வைத்த பிறகே தேங்காய்ப் பால். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். இத்தாலியர் வெண்ணெயையும் சீஸையும் நெருப்பை விட்டு இறக்கித்தான் சேர்க்கிறார்கள், காரணம் ஒன்றுதான். பொடியாக அரிந்த வல்லாரையையும் அப்போதே தூவிக் கலந்தால் பச்சை நிறம் மாறாது. இத்தாலியர் ஊற்றும் திராட்சை மதுவின் புளிப்புக்குப் பதில் தேசிக்காய்ச் சாறு.

சீஸ் இல்லையே என்று யாராவது கேட்டால், மேலே தூவும் மாசியைக் காட்டுங்கள். பாமெசான் சீஸின் ருசிக்குப் பெரிய காரணம் அதிலுள்ள குளூட்டமேட். 1908-இல் ஜப்பானில் கிக்குனே இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் காயவைக்கும் ஜப்பானியக் கத்சுவோபுசியிலும் அந்த உமாமிச் சுவை உண்டு. நம் மாசியும் அதே சூரை மீன்தான். மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்கள் காளானைப் பொரித்துச் சேர்க்கலாம்.

சூட்டோடு சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் நம் அரிசி இறுகும் என்று முன்பே சொன்னேன். மிஞ்சினால் காலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்குங்கள், இலைக்கஞ்சியாகிவிடும். உண்மையில் இலைக்கஞ்சிக்கும் ரிசோட்டோவுக்கும் நடுவில் இருப்பது ஒன்றரைக் கோப்பை தண்ணீர்தான். பச்சையரிசியைக் குழைய வேகவைத்து, பால் விட்டு, கீரைச் சாற்றைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்கி, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறோம். நெருப்பை அணைத்த பின் பச்சையைச் சேர்க்க வேண்டும் என்பதை எந்த இத்தாலியச் சமையல்காரரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

விளையாட்டைக் குறை சொல்லத் தொடங்கிய மாதிரி இருக்கிறது. அப்படியில்லை. ஒரு பிள்ளை கோடை முழுவதும் ஒரு தளிரைத் தேடி அலைந்து, கிடைத்ததும் துள்ளுகிறது என்றால், நாம் வருசக்கணக்காகச் சொல்லியும் ஏற்படுத்த முடியாத ஒரு மதிப்பை அந்த விளையாட்டு ஏற்படுத்திவிட்டது. அந்த மதிப்பைக் கையில் பிடித்து ஓடைக்கரைக்கு அழைத்துப் போவது நம் வேலை.

தமிழில் அதற்கு ஏற்கெனவே ஓர் உதாரணம் உண்டு. கனடாவின் டொரொண்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்ற குழு 2023 ஜூலை 31 அன்று வெண்பா என்ற விளையாட்டை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தாயின் கதை. அவளிடம் தன் அம்மா எழுதிய சமையல் புத்தகம் இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கின்றன. விடுபட்ட படிகளை ஆடுகிறவர் ஊகித்து இட்டலியும் புட்டும் செய்ய வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த முதல் படைப்பாக அது தெரிவானது. அரிசியும் அடுப்பும் கதைக்குப் போதும் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

அந்த விளையாட்டின் தாய்க்குக் கிழிந்த புத்தகமாவது இருந்தது. நம் லயங்களில் கிழியவும் ஒரு புத்தகம் இல்லை. எந்தக் கீரை எந்த மழைக்கு வரும், எது எந்தக் கரையில் இருக்கும், எதை எத்தனை கொதி விட வேண்டும், எதைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கக் கூடாது, எதைப் பஞ்சத்திலும் தொடவில்லை என்பதெல்லாம் எழுபது வயதைத் தாண்டிய சில பெண்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர்களில் பலர் கையெழுத்துப் போடவும் பெருவிரலை நீட்டியவர்கள்.

ஆகவே முன்வரிசைப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ உட்கார்ந்து கேளுங்கள். ஒரு கீரைக்கு ஒரு பக்கம். பெயர், சிங்களப் பெயர், வரும் மாதம், வளரும் இடம், தப்பாக மாறிப்போகக் கூடிய செடி, வேகும் நேரம். இலையை அமுக்கிக் காய வைத்து ஒட்டுங்கள். முதல் பக்கத்தில் வேண்டுமானால் இன்று சொன்ன ரிசோட்டோவை எழுதுங்கள். அரிசியை மறக்காமல் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாக் கொப்பிகளையும் சேர்த்தால் கலஹாவின் கீரைப் புத்தகம் தயாராகிவிடும்.

காணி கேட்பதை விட்டுவிட்டுக் கீரை பறிக்கப் போகச் சொல்லவில்லை. காணி நமக்கு வர வேண்டிய பாக்கி; அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். காணிக்கான உறுதியை அரசாங்கம்தான் எழுத வேண்டும். ஓடைக்கரைக்கான உறுதியை நம் பிள்ளைகள் எழுதிவிடலாம், ஒரு 80 பக்கக் கொப்பியில், இந்த மழைக்கே.